நீல உறை வந்த வீட்டிலிருந்து

ஸ்டார்கார்ட்,
15 செப்டம்பர் 1869

அன்புள்ள எவால்ட்,

உறையின் மேல் ஜெனரல் டிரெவெனிட்ஸ் என்று தொடங்கி உங்கள் பட்டங்களையெல்லாம் வரிசை தப்பாமல் எழுதிவிட்டேன். போர்ப்பயிற்சி முகாமில் யாரும் குறை சொல்ல முடியாது. உள்ளே எழுதுவது உங்கள் மனைவி. மன்னருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு இதை அவசரமாகப் பிரிக்க வேண்டாம். கூடாரத்துக்குப் போய், பூட்ஸைக் கழற்றிவிட்டு, உட்கார்ந்து படியுங்கள். இடுப்பு எப்படி இருக்கிறது? இந்த ஈரத்தில் நாளெல்லாம் குதிரை மேல் இருந்தால் பொஹீமியா போரில் வாங்கிய குண்டு சும்மா விடுமா? ஃபிளானல் பட்டி பெட்டியின் அடியில் இருக்கிறது. அதை வைத்தது நான். நீங்கள் கட்டிக்கொள்ளப் போவதில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். ஒரு தப்புச் செய்துவிட்டுத்தான் கேட்கிறேன். அதனால் நடந்ததை முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

ஆறு நாளாக லெபரெக்ட் அண்ணன் வீட்டில் இருக்கிறேன். ஏன் என்று நீங்கள் கேட்க மாட்டீர்கள். போன ஏழாம் தேதி அண்ணனுக்கு நீல உறை வந்தது. மன்னரின் ராணுவ அலுவலகத்திலிருந்து நீல உறை வந்தால் என்ன அர்த்தம் என்று இந்த நாட்டில் அதிகாரி வீட்டுச் சமையல்காரிக்குக்கூடத் தெரியும். உன் காலம் முடிந்தது, உடம்பு சரியில்லை என்று நீயாகவே எழுதிக் கொடுத்துவிட்டுப் போ. எழுதிக் கொடுத்தால் சாகும்வரை ரெஜிமெண்ட் சீருடையைப் போட்டுக்கொள்ளலாம், பெட்டியில் வைத்துப் புதைக்கும்போதும் அதுவே உடம்பில் இருக்கும். கெடு தாண்டினால் அதுவும் இல்லை. அண்ணனுக்குக் கெடு இன்றோடு முடிகிறது.

உறை வந்த ஒரு மணி நேரத்தில் தையற்காரர் வந்திருக்கிறார். கையில் இரண்டு கால்சட்டைகள், பக்கவாட்டில் அகலமாகச் சிவப்புக் கோடு போட்டவை. ஜெனரல் கால்சட்டை! மல்வீனே அண்ணி கதவைத் திறந்ததும், “ஜெனரலம்மா, வாழ்த்துக்கள்! ஐயாவைக் கொஞ்சம் போட்டுப் பாக்கச் சொல்லுங்க, இடுப்புல பிடிக்குதான்னு பாத்துடுறேன்” என்று சிரித்தாராம். அண்ணி அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அண்ணன் வெளியே வந்து, பொட்டலத்தை வாங்கிக்கொண்டு, தையற்காரருக்கு நன்றி சொல்லி அனுப்பியிருக்கிறான்.

கர்னலாக இருந்துகொண்டு எதற்கு ஜெனரல் கால்சட்டை தைக்கக் கொடுத்தாய் என்று கேட்டேன். என்னை ஒட்டி என்றுதானே கூப்பிடுவான், அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

“ஒட்டி, உன் வீட்டுக்காரர் என்னைக்காவது எனக்கு ஒயின் ஊத்திக் கொடுத்திருக்காரா? என் பொறந்தநாளுக்குத் தன் கையால ஊத்தினார். லாயம் வரைக்கும் தோள்ல கை போட்டுக்கிட்டு நடந்தார். என் கிழட்டுக் குதிரையைத் தட்டிக் கொடுத்து, நல்ல குதிரைன்னார். அந்த மனுஷன் வாயில நல்ல வார்த்தை வந்தா, பிரிகேட் எனக்குத்தான், ஜெனரல் ஆகப்போறேன்னு நினைக்காம வேற என்னத்த நினைக்கிறது?”

கேட்டீர்களா? நீங்கள் வழக்கம்போல் மரக்கட்டையாக உட்கார்ந்து வாத்து வறுவலைத் தின்றுவிட்டு வண்டி ஏறியிருந்தால் அவன் கொஞ்சமாவது சந்தேகப்பட்டிருப்பான். உங்களுக்கு வாழ்க்கையில் ஒரு தடவை பாசம் பொங்கிற்று, அது வேறு அர்த்தம் ஆகிவிட்டது. ரெஜிமெண்டில் இதைக் கேட்டால் யாரும் அவனைப் பைத்தியம் என்று சொல்ல மாட்டார்கள். மன்னரின் பக்கத்திலேயே நிற்கும் அட்ஜுடன்ட், ஒருவனுடைய தோளில் கை போட்டால், கண்டவர்கள் எல்லாரும் அவனுக்குப் பதவி உயர்வு என்றுதான் கணக்குப் போடுவார்கள்.

நீல உறைக் கடிதத்தை நானும் வாங்கிப் பார்த்தேன். தலைப்பில் ஆகஸ்ட் 24 என்று இருக்கிறது. பிறந்தநாள் 29. அப்படியென்றால் அது மன்னரின் தாள்களைச் சுமக்கும் உங்கள் தோல்பைக்குள் ஐந்து நாள் இருந்தபிறகு நீங்கள் இங்கே வந்து, எங்களோடு உட்கார்ந்து, பிளம் கேக் இரண்டு துண்டு சாப்பிட்டிருக்கிறீர்கள். அதைப் பார்த்தபோது எனக்கு வந்த கோபத்துக்கு நீங்கள் பக்கத்தில் இல்லாதது நல்லதாகப் போயிற்று.

பிறகு கோபம் இறங்கிவிட்டது. பதினொரு வயதில் கேடட் பள்ளியில் உங்களை விட்டுவிட்டு உங்கள் அப்பா திரும்பிப் பார்க்காமல் போனார். அங்கே உங்களுக்குக் கற்றுக் கொடுத்த முதல் பாடமே வாயை மூடிக்கொள்வதுதான். லெஃப்டினன்டாக இருந்தபோது வரைந்த வரைபடங்களைப் பார்த்து, அப்போது இளவரசராக இருந்த மன்னர் உங்களைக் கூப்பிட்டார். அதிலிருந்து இருபத்தொரு வருஷமாக அவருக்கு இடப்பக்கம் அரை அடி பின்னால் நிற்கிறீர்கள். தினமும் காலையில் அந்தத் தோல்பையைத் திறக்கிறீர்கள், மூடுகிறீர்கள். உள்ளே என்ன என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. நீங்கள் ஜெனரல் ஆனதையே நான் செய்தித்தாளில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன், அதுவும் மீன் சுற்றி வந்த தாளில். நம் மகள் கிளாராவின் கல்யாணத்தில் சூப் வருவதற்கு முன்பே அரண்மனையிலிருந்து ஆள் வந்தது, எழுந்து போனீர்கள். அப்படிப்பட்டவர் அண்ணனிடம் மட்டும் எப்படிச் சொல்லியிருப்பீர்கள்? சொல்ல முடியாததால்தான் ஊற்றிக் கொடுத்தீர்கள். இது எனக்குப் புரிய நான்கு நாள் ஆயிற்று.

இங்கே அந்த நான்கு நாளும் அண்ணன் காலைக் காபிக்கே முழுச் சீருடையில், வாளோடு வந்து உட்கார்ந்தான். கழற்றுங்கள் என்று அண்ணி கெஞ்சினால், “கழட்டினா திரும்பப் போட விடுவானுங்களோ மாட்டானுங்களோ” என்றான். பேனாவையும் தாளையும் முன்னால் வைத்தால் தள்ளிவிட்டான். “உடம்பு சரியில்லைன்னு பொய் எழுதணுமா? குதிரை ஏற ஒரு ஸ்டூல் வேணும், அவ்வளவுதானே! ஏறிட்டேன்னா இறக்கட்டும் பாக்கலாம் எவனாவது!” கெடு தாண்டட்டும், மரப்பொத்தான் போட்ட சாதாரணக் கோட்டில் புதைக்கட்டும் என்று நின்றான். உங்களுக்குத் தெரியுமே எங்கள் வீட்டுப் பிடிவாதம், எனக்கும் அதில் பங்கு உண்டு.

நேற்று மத்தியானம் என்னைத் தோட்டத்து அறைக்குக் கூப்பிட்டான். அண்ணியை வெளியே போகச் சொன்னான். “ஒட்டி, ஒண்ணே ஒண்ணு சொல்லு. உன் வீட்டுக்காரர் எனக்காக மன்னர்கிட்ட ஒரு வார்த்தை பேசினாரா?” என்று கேட்டான்.

எவால்ட், நான் ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

சொன்னதோடு நின்றேனா? “மூணு தடவை பேசினார் அண்ணா. மூணாவது தடவை மன்னருக்கே கோபம் வந்து, பைய மூடுங்க டிரெவெனிட்ஸ்னு சொல்லிட்டாராம்” என்று அளந்தேன். எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, நேரில் பார்த்தவள் மாதிரி வந்தது. அண்ணன், “மூணு தடவையா? அந்த மரக்கட்டையா?” என்று சொல்லிவிட்டு அழுதான். ஐம்பத்தெட்டு வயது மனிதன், மூக்கைச் சீந்திக்கொண்டு சின்னப் பிள்ளை போல அழுதான். பிறகு பேனாவை எடுத்து நாலு வரி எழுதினான். காரணம் முழங்கால் என்று போட்டான். வாளைக் கழற்றி அண்ணி கையில் கொடுத்தான். இன்று காலை முதல் தபாலிலேயே அது போய்விட்டது. சீருடை அவனுக்கு மிஞ்சும்.

தப்பு என்னவென்று இப்போது உங்களுக்குத் தெரிந்திருக்கும். டிரெவெனிட்ஸ் சொந்தக்காரனுக்காக வாய் திறந்தார் என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. நான் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். அண்ணன் யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்திருக்கிறான், அண்ணி வாயில் எதுவும் நிற்காது என்பதால் அவரிடம் சொல்லவில்லை. ஆனால் இருபத்தாறாம் தேதி ஞாயிற்றுக்கிழமை நீங்கள் முகாமிலிருந்து திரும்பியதும், உங்கள் கையைப் பிடித்து நன்றி சொல்ல அண்ணன் போட்ஸ்டாமுக்கு வருகிறான். வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். வந்தே தீருவானாம்.

நீங்கள் பொய் சொல்லாத மனிதர். உங்களைப் பொய் சொல்லச் சொல்லவில்லை. அவன் நன்றி சொல்லும்போது மறுக்காமல் இருங்கள், அது போதும். பேசாமல் இருப்பது உங்களுக்குக் கைவந்த கலைதானே. என் மேல் கோபம் இருந்தால் அவன் போனபிறகு என்னிடம் காட்டுங்கள். வாங்கிக் கட்டிக்கொள்கிறேன்.

இன்னொன்று இருக்கிறது. சொல்லாமல் விட்டுவிடலாம் என்று பார்த்தேன், முடியவில்லை. அண்ணனிடம் நான் சொன்னதைப் பொய் என்று நினைத்துத்தான் சொன்னேன். இன்று காலையில் தலை வாரிக்கொண்டிருந்தபோது கை அப்படியே நின்றுவிட்டது. பொய் என்று எனக்கு எப்படித் தெரியும்? நீங்கள் பேசியிருந்தாலும் என்னிடம் சொல்லியிருக்கப் போவதில்லையே! முப்பது வருஷம் உங்களோடு குடும்பம் நடத்திவிட்டு, நீங்கள் பேசியிருப்பீர்களா மாட்டீர்களா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அது எனக்கு அழுகையாக வருகிறது.

நீங்கள் பேசவில்லை என்றால் இதற்குப் பதில் எழுத வேண்டாம். நான் கேட்கவும் மாட்டேன், வழக்கம்போல் உங்கள் சூப்பைச் சூடாக வைத்திருப்பேன். பேசியிருந்தால், என்ன பேசினீர்கள், மன்னர் என்ன சொன்னார், எதுவும் வேண்டாம். நீ சொன்னது பொய் இல்லை என்று மட்டும் ஒரு தாளில் எழுதுங்கள். கையெழுத்துக்கூட வேண்டாம். படித்ததும் அடுப்பில் போட்டுவிடுகிறேன்.

கடவுள் உங்களைப் பத்திரமாகத் திருப்பி அனுப்பட்டும். வெள்ளிக்கிழமை போட்ஸ்டாம் வீட்டுக்குப் போய்விடுவேன். தபால் வரும் நேரத்தில் வாசலில்தான் நிற்பேன்.

உங்கள்
ஒட்டிலி