கிளவுசுக்குள்ள வெந்த கை

தோஹா,
21.06.2009

அன்பின் நதீராவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்ட கிருபையால நான் சுகம். நீயும் மகள் ஸம்ஸியாவும் சுகமா இருக்கோணும் எண்டுதான் எந்த நேரமும் துஆ.

போன்ல கதைச்சா ரெண்டு பேரும் கத்துறம். அதுதான் எழுதுறன்.

நீ லீவுல கல்முனைக்கு வந்து போனத்த உம்மா சொன்னா. உன்ட ரெண்டு கையும் சிவந்து, தோல் உரிஞ்சு, விரலிடுக்கெல்லாம் வெடிச்சுக் கிடக்காம். “அது தொத்து வருத்தம் மகன், புள்ளயத் தொட விடாத” எண்டு அழுறா. வவுனியா முகாமுக்குப் போகாமத் தப்பின நர்ஸ்மார் எத்தின பேர்? நீ மட்டும் ஏன் போறன் எண்டு முன்னுக்கு நிண்டாய்? சண்டைக்குள்ள இருந்து வந்த வன்னி ஆக்களுக்கு மருந்து கட்டி உன்ட கை அழுகோணுமா? வேலைய உட்டுட்டு வீட்ட போ.

உன் கணவன்
ஜெமீல்


முகாம் ஆஸ்பத்திரி,
05.07.2009

அன்புள்ள மச்சானுக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். உங்கட கடிதத்தத் திருப்பித் திருப்பி வாசிச்சன். “கை எரியுதா புள்ள?” எண்டு ஒரு வரி எங்கயாவது இருக்கா எண்டு பார்த்தன். இல்ல.

இது தொத்து வருத்தமில்ல, வேர்வை. தறப்பாள் கூரைக் கொட்டிலுக்குள்ள வெயில் கொதிக்கிது. விடிஞ்சா பொழுதுபட்டா கையில றப்பர் கிளவுஸ். ஒராளுக்குக் கட்டிக் கழட்டினா மத்த ஆளுக்கு வேற போடுறன், கைக்குக் காத்துப் படுறதில்ல. வேர்வையில ஊறின தோல், உள்ளுக்கிருக்கிற பவுடரில உரசி உரசி வெடிச்சிட்டு. பாண்டிருப்பு நர்ஸ் மேனுஜாவும் என்னோடதான் நிக்கிறா. அவ வெள்ளப் பருத்திச் சீலையில உள்ளுக்குப் போட மெல்லிய உறை தெச்சுத் தந்தா. அது நனைய நனைய மாத்துறன். கையக் கழுவி, ஒத்தி, நல்லாக் காஞ்ச பொறகுதான் அடுத்தது. பவுடர் இல்லாத கிளவுஸ் வந்தா எனக்கு எடுத்து வைக்கிறாங்க. வேலை முடிஞ்சா வாசமில்லாத வஸ்லின் பூசுறன். இப்ப தோல் மூடிக்கொண்டு வருது. டொக்டரும் பார்த்தார், ஒருத்தருக்கும் தொத்தாதாம்.

இது தொத்தாது எண்டு லீவுல வந்தக்குள்ளயே மாமிக்கு நானே சொன்னன். கேட்டுட்டு, என்ட மடியில இருந்த புள்ளயப் புடுங்கித் தூக்கிட்டுத் தன்ட வீட்ட போனா. புள்ள என்னப் பார்த்துக் கைய நீட்டிக் கத்தினாள். என்ட உம்மா போய்த்தான் கூட்டி வந்தா. இத உங்களுக்குச் சொன்னாவா?

இஞ்ச செல்லத்தங்கம் எண்டு ஒரு தாய், முதுகு முழுக்க வெந்து கிடக்கிறா. மருந்து கட்டக்குள்ள பல்லக் கடிச்சுக்கொண்டு என்ட கையப் பார்த்தா. “மிஸ்ஸி, உங்களுக்கும் நோகுதே?” எண்டு கேட்டா. என்ட புருசன் கேக்காதத்த அவ கேட்டா மச்சான்.

நதீரா


தோஹா,
24.07.2009

நதீரா,

அவ கேட்டாவாம், நான் கேக்கல்லயாம்.

வயலுக்குப் போன என்ட தம்பி சரீபப் புலி இயக்கக்காரனுகள் கொண்டு போன அண்டு, அவனுக்கு நோகுதா எண்டு கேட்டது ஆர்? வாய்க்கால் கட்டில மோட்டர் சைக்கிள் மட்டும் கிடந்திச்சு. குளிப்பாட்ட, கபன் சீலை சுத்த, அடக்க ஒரு உடம்பு எங்களுக்குக் கிடைக்கல்ல. இன்னும் ஒழுங்கையில மோட்டர் சைக்கிள் சத்தம் கேட்டா உம்மா எழும்பி வாசலுக்கு ஓடுறா. உன்ட கையப் பார்க்க அவவால ஏலாம இருக்கிறது வருத்தத்தாலயா? அந்தக் கை ஆரத் தொட்டுட்டு வருது எண்டதாலதான்.

நோன்புக்கு முந்தி வேலைய உட்டுட்டு வா. இல்லாட்டிப் பள்ளிவாசல் தலைவர்மாரோட நம்மட கலியாண விசயம் கதைக்கச் சொல்லி எங்கட ஆக்களுக்கு எழுதுவன். நானா, அந்த வேலையா எண்டு நீயே யோசி.

ஜெமீல்


முகாம் ஆஸ்பத்திரி,
09.08.2009

ஜெமீல் மச்சானுக்கு,

ஸலாம். சரீப் எனக்கும் தம்பிதான். நம்மட கலியாணப் பந்தல் அவன் கட்டினது. அவனக் கொண்டு போனவன் ஆரெண்டு தெரிஞ்சா நானும் மண்ணள்ளிச் சாபம் போடுவன். அது செல்லத்தங்கமில்ல. அவட மகனையும் அதே ஆக்கள்தான் துவக்குத் தூக்க எண்டு இழுத்துக்கொண்டு போனாங்க. அவனும் திரும்பி வரல்ல.

சரீப நினைச்சுத்தான் கோவம் எண்டு முதல் கடிதத்திலயே எழுதியிருந்தா, லீவு கேட்டு ஓடி வந்து மாமிட காலடியில இருந்து அழுதிருப்பன். அத உட்டுட்டு, தொத்து வருத்தம் எண்டு பொய் சொல்லி என்ட புள்ளயப் புடுங்கினீங்களே! அதத்தான் என்னால பொறுக்க ஏலா.

பள்ளியில கதைக்கச் சொல்லுங்க. தலைவர்மார் வந்தா உள்ளுக்குக் கூப்பிட்டு இருத்தச் சொல்லி உம்மாட்ட சொல்லிட்டன். சுனாமி அள்ளிக்கொண்டு போன வளவில, என்ட பேரில எழும்பின வீடு அது. அதுக்குள்ள இருந்து என்ன எழுப்ப ஆராலயும் ஏலா.

போன கிழமை, இன்னும் கொஞ்ச நாள் நிக்க ஏலுமா எண்டு பெரிய டொக்டர் கேட்டார். ஓம் எண்டு சொல்லிட்டன். பெருநாளைக்குப் புள்ளயோட இருப்பன். நீங்க வாறதெண்டா, வந்து என்ட முகத்தப் பார்த்துக் கதைங்க. வராட்டி எழுதவும் வேணாம்.

நதீரா