இருபத்தேழாம் நம்பர்

மார்ச் 3
பத்திரிகை கொடுத்து முடித்தாயிற்று. கல்யாணத் தேதி இருபத்தேழு என்று பார்த்ததும், எனக்கு வாழ்த்துச் சொல்வதற்கு முன்னால் தெருவே அம்மாவிடம் ஓடி அந்த நம்பரில் பணம் கட்டுகிறது. ஊருக்கு அவள் தையல்காரி. திருட்டுத்தனமாக நம்பர் லாட்டரி நடத்துவதும் அதே தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்துதான். என் படிப்பு, தலைக்கு மேல் இந்தக் கூரை எல்லாம் அடுத்தவர் தோற்ற காசு. தெரிந்தேதான் சாப்பிட்டேன்.

மார்ச் 8
ஒரே நம்பரில் கூட்டம் சேர்ந்தால் அம்மா அதைப் பெரிய ஏஜெண்டிடம் தள்ளிவிடுவாள். நம்பர் விழுந்தால் பரிசுப் பணத்தை அவன் கொடுப்பான்.
"இருபத்தேழைத் தள்ளிட்டியாம்மா?" என்றேன்.
"உன் கல்யாண நாளை எவன் கையிலயோ தள்ளிவிடவா? வாய வச்சுக்கிட்டு சும்மா இருடி."
ராசி பார்த்து வந்தவர்களை வைத்தே பிழைத்தவள் பேசுகிற பேச்சா இது!

மார்ச் 9
இருபத்தேழே விழுந்துவிட்டது.

மார்ச் 10
விடிந்ததிலிருந்து வாசலில் சிரித்த முகங்கள். மருந்துக்கடை அத்தை என் கன்னத்தைக் கிள்ளி, "எல்லாம் உன் ராசிடி, நல்லா இருப்பே!" என்றாள். யாரைத் திட்டுவது? போலீசுக்கா போக முடியும்?
மண்டபத்துக்கு வைத்திருந்தது, நகைக்கு வைத்திருந்தது, கடைசியில் தையல் மிஷின் — ஜெயித்தவர்களுக்குக் கொடுத்தே எல்லாம் போயிற்று. "அப்புறம் தர்றேன்னு சொல்லேம்மா," என்று கெஞ்சினேன்.
"சொன்னா நாளைக்கு எவ என்னை நம்புவா?"
அப்போ நான்? நான் யாரும்மா உனக்கு? கேட்கவில்லை.

மார்ச் 14
மாப்பிள்ளையின் அப்பா வந்தார். உள்ளே வரவில்லை. "தையல்காரி வீடுன்னு நெனச்சுத்தான் சம்மதிச்சோம்," என்றார். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். அவள் அப்படி நின்று நான் பார்த்ததில்லை.
பிறகு போனில் மாப்பிள்ளை: "கொஞ்ச நாள் போகட்டும். நான் என்ன பண்ணட்டும், நீயே சொல்லு?"


மார்ச் 20
அவரிடமிருந்து போன் இல்லை.

மார்ச் 27
துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தேன். மிஷின் இருந்த இடத்தில் அம்மா வெறும் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். மருந்துக்கடை அத்தை வந்தாள். என்னைப் பார்த்துக் குரலைத் தணித்துக்கொண்டாள்.
"இன்னைக்குத் தேதி இருபத்தேழு... சும்மா கொஞ்சமா கட்டட்டுமா?"
"அந்த நம்பர் மட்டும் எடுக்கிறதில்ல அண்ணி. வேற சொல்லுங்க."
அத்தை யோசித்து, பதினாலு என்றாள். அம்மா பென்சிலைத் தேடினாள். நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.