காப்பியைத் தொடாத நாள்

அத்தான்,

காப்பியை நிறுத்தி இன்று இரண்டாவது நாள். தூக்கம் கெட்டுப்போனதால் நானாக எடுத்த முடிவு. காலையிலிருந்து இரண்டு நெற்றிப்பொட்டிலும் திருகாணியை வைத்து முடுக்குவதுபோல வலி. கூட வேலை பார்க்கும் நர்ஸ் கைப்பையைத் துழாவி ஒரு தலைவலி மாத்திரை அட்டையை நீட்டினாள். "போடுங்க, அஞ்சு நிமிஷத்துல பறந்துரும்." பறக்கும்தான். எதனால் பறக்கும் என்பதும் எனக்குத் தெரியும். வேண்டாம் என்றேன். அந்த அட்டையைப் பார்த்ததும் உங்கள் ஞாபகம் வந்துவிட்டது.

சீவலப்பேரி டவுன் பஸ்ஸை நீங்கள் ஓட்டிய காலத்தில் ஒவ்வொரு டிரிப் முடிவிலும் ஒரு காப்பி, கூடவே ஒரு சிகரெட். இறங்கியதும் கடைக்காரர் ஆற்ற ஆரம்பித்துவிடுவார். "ஸ்டீயரிங் பிடிக்கக் கை வேணும், கண்ணு முழிக்கக் காப்பி வேணும்லா" என்பீர்கள். காப்பி தெம்பு தருவதில்லை, களைப்பு தெரியாமல் மறைக்கத்தான் செய்கிறது என்று நான் சொன்னால், "நீ உன் ஸ்கேன் மெஷினைப் பாருலே, மாப்ளே" என்று வாயை அடைப்பீர்கள்.

வண்ணார்பேட்டை நெரிசலில் ஒரு நாள் உங்களுக்கு நெஞ்சு பிடித்தது. சட்டை நனைய வேர்த்தது. வண்டியை ஓரம் கட்டி, கை பிரேக்கைப் போட்டுவிட்டுத்தான் கண்டக்டரைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். இ.சி.ஜி.யில் தெளிவாக ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும் டெப்போவுக்குள் உட்கார்ந்து பார்க்கும் வேலைக்கு மாற்றிவிட்டார்கள். "நாற்காலிக்கு கியர் கிடையாதுலே, எப்படி உக்காருதது?" என்று என்னிடம் புலம்பினீர்கள். நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியிலேயே ஸ்கேன் எழுதிக்கொடுத்தார் டாக்டர். படம் சுத்தமாக வந்தால் மறுபடி ஸ்டீயரிங். அடைப்பு என்று வந்தால் அந்த நாற்காலிதான், ரிட்டயர் ஆகும்வரை.

அது மருந்து ஏற்றி எடுக்கும் ஸ்கேன். மருந்து போய் இதயத்து ரத்தக் குழாய்களை விரிக்க வேண்டும். அடைப்புள்ள குழாய் சரியாக விரியாது, படத்தில் காட்டிக்கொடுத்துவிடும். முந்தின நாளிலிருந்தே காப்பி கூடாது. ஏன் என்று கேட்டீர்கள். "பஸ்ஸுல சன்னல் வழியா துண்டு போட்டு இடம் பிடிப்பாங்கள்லா அத்தான், காப்பி அப்படித்தான். மருந்து உக்கார வேண்டிய இடத்துல அது துண்டு போட்டுரும். மருந்து ஏறும், நின்னுட்டே போய்ச் சேரும்."

உடனே புரிந்துகொண்டீர்கள். ஆனாலும் விடவில்லை.

"டீ?"

"அதுவும்தான்."

"சுக்குக் காப்பி?"

"அத்தான், அக்கா கிட்ட போனைக் குடுங்க."

அக்கா காப்பித்தூள் டப்பாவையே பரணில் ஏற்றிவிட்டாள்.

மறுநாள் மருந்து ஏற்றினோம். பொதுவாக அந்தச் சில நிமிடம் முகம் சிவக்கும், மூச்சு முட்டும், நாடி ஓடும். நீங்கள் மல்லாந்து படுத்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நாடி கொஞ்சமும் கூடவில்லை. டாக்டர் திரையைப் பார்த்துவிட்டு, "காப்பி குடிச்சீங்களா?" என்றார். "சத்தியமா தொடலை சார்." அது உண்மை. படம் சுத்தமாக வந்தது. டாக்டர் நெற்றியைச் சுருக்கியபடியே அடுத்த நோயாளியைப் பார்க்கப் போனார்.

வெளியே வந்ததும் மார்பைத் தட்டினீர்கள். "இரும்புலே இது. உன் மருந்து ஒண்ணும் பண்ணலை பாத்தியா?"

எனக்கு அதுதான் உறுத்தியது. "நேத்துலருந்து வேற என்ன சாப்ட்டீங்க?"

"இட்லி. ராத்திரி கஞ்சி. காப்பி இல்லாம மண்டை பொளந்துட்டு, விடியக்காலம் ஒரு மாத்திரை போட்டேன். மாத்திரையும் காப்பியாடே?"

சட்டைப் பையிலிருந்து அட்டையை வாங்கித் திருப்பினேன். பின்பக்கம் பொடி எழுத்தில் காஃபீன் என்று போட்டிருந்தது. பெட்டிக்கடையில் கிடைக்கும் தலைவலி மாத்திரைகள் பலவற்றில் அது உண்டு. காப்பியை விட்டதால் வந்த வலிக்கு, காப்பியில் உள்ளதையே விழுங்கிவிட்டு வந்திருக்கிறீர்கள்.

"அப்ப இந்தப் படம்?"

"செல்லாது. உள்ள அடைப்பு இருந்தாலும் இப்படித்தான் தெரியும்."

சுற்றும் முற்றும் பார்த்தீர்கள். பிறகு குரலைத் தாழ்த்தி, "படம் நல்லாத்தானே வந்திருக்கு. நீ சொல்லாதடே" என்றீர்கள்.

நான் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். வராந்தாவின் அந்தக் கோடியில் அக்கா போனில் யாரிடமோ, "இவுகளுக்கு ஒண்ணும் இல்லையாம், திரும்ப வண்டி ஓட்டலாமாம்" என்று சிரித்துக்கொண்டிருந்தாள். நீங்கள் அவளையே பார்த்தீர்கள். சட்டென்று என் கையிலிருந்த அட்டையைப் பிடுங்கிக்கொண்டு டாக்டர் அறைக்குள் போனீர்கள். பின்னாலேயே வந்தேன். மேசைமேல் அட்டையை வைத்துவிட்டு, "சார், இதைப் போட்டுட்டு வந்துட்டேன். இந்தப் படத்தை நம்பி என் வண்டியில நானே ஏற மாட்டேன்" என்றீர்கள்.

அடுத்த தடவை வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டு வந்தீர்கள். மருந்து ஏறியதும் முகம் சிவந்தது, மூச்சு முட்டியது. படத்தில் அடைப்பு தெரிந்தது. குழாயை விரித்து ஸ்டென்ட் வைத்தார்கள். ஸ்டீயரிங் திரும்பக் கிடைக்கவில்லை.

வேடிக்கை என்னவென்றால், ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு காப்பி குடிக்கலாம் என்று டாக்டரே சொன்னார். பழகிய உடம்புக்கு அளவான காப்பி இதயத்தைக் கெடுப்பதாகத் தெரியவில்லை, சிகரெட்டைத்தான் தொடக் கூடாது என்றார். அக்கா ஒப்புக்கொள்ளவே இல்லை. அவளுக்குக் காப்பிதான் குற்றவாளி. டெப்போ வாசலில் நின்று நீங்கள் திருட்டுக் காப்பி குடித்ததை நான் இரண்டு முறை பார்த்தேன், சொல்லவில்லை.

இரண்டு வருடம் கழித்து, ஒரு மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்த நீங்கள் எழுந்திருக்கவில்லை. துக்கம் கேட்க வந்த ஒருவர், "காப்பி காப்பின்னு குடிச்சாரு, அதான்" என்று ஆரம்பித்தார். "சிகரெட்டைப் பத்திப் பேசுங்க அண்ணாச்சி" என்றேன். அக்கா என்னை முறைத்தாள். அந்த இரண்டு வருடம் ஸ்டென்ட்டால் கிடைத்ததா, சும்மாவே கிடைத்திருக்குமா என்று கேட்டால் தெரியாது என்றுதான் சொல்வேன். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு அத்தான் கிடையாது.

நீங்கள் போனபின் இந்த ஸ்கேனுக்கு வருகிறவர்களிடம் எல்லாம் நான் ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்கிறேன். காப்பி குடித்தீர்களா என்பது முதல் கேள்வி. தலை வலித்ததா, என்ன போட்டீர்கள் என்பது இரண்டாவது. போன வாரம் சாத்தான்குளத்திலிருந்து வந்த ஓர் அம்மா, "ஆமாய்யா, ஒண்ணு போட்டேன்" என்றார். இன்னொரு நாள் வரச் சொன்னேன். கூட வந்த மகனுக்குக் கோபம்.

"ஒரு மாத்திரைக்கா திருப்பி அனுப்புதீங்க? லீவு போட்டுக் கூட்டிட்டு வாரேன். அம்மா சொல்லாம இருந்திருந்தா எடுத்திருப்பீங்கள்லா?"

"எடுத்திருப்போம்" என்றேன். "படமும் சுத்தமா வந்திருக்கும். அதை நம்பி வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருப்பீங்க."

அவர் அம்மாவின் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு, "எந்திம்மா, வியாழக்கிழமை வருவோம்" என்றார்.