ஒன்பதரை மணி அழைப்பு

ஜனவரி 20, திங்கள்

காலைக் கூட்டத்தில் இன்றும் எல்லோரும் என்னைப் பார்த்தே பேசினார்கள். சென்னை அலுவலகத்தில் அவர்கள் ஆறு பேர், ஆவூரில் வீட்டிலிருந்தபடி நான். நேற்று என்ன செய்தோம், இன்று என்ன செய்யப் போகிறோம், எங்கே சிக்கல் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளத்தான் ஒன்பதரை மணிக்கு அந்தப் பதினைந்து நிமிடம். இவர்களோ வாத்தியாரிடம் ஒப்பிப்பதுபோல என்னிடம் ஒப்பித்துவிட்டு மைக்கை அணைத்துவிடுகிறார்கள். யார் வேலை எந்த நிலையில் இருக்கிறது என்று காட்டும் ஆன்லைன் பலகையில் ரகுநாத்தின் வேலைகள் மட்டும் எப்போதும் பச்சை நிறம். அந்த மனுசனுக்குச் சிக்கலே வராதா?

நேற்று பூசை முடிந்து வரும்போது எங்கள் ஊர்ப் பள்ளி வாத்தியார் மைக்கேல்சாமி சார் நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று விசாரித்தார். அஜைல் கோச் என்றேன். கபடிக்கா, வாலிபாலுக்கா என்றார். மென்பொருள் எழுதும் குழுவுக்கு என்றேன். மேலே ஒருவர் நின்று அதட்டாமல், ஒருவரையொருவர் நம்பி, வேலையைத் தாங்களே பிரித்துக்கொண்டு, சொன்னதைச் செய்து முடிக்கப் பழக்குவது என்று விளக்கினேன். "இதுக்குன்னு ஒரு ஆளு வேணுமாம்மா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

ஜனவரி 23, வியாழன்

தோஹாவிலிருந்து என் வீட்டுக்காரர் ஜெரால்டு. வழக்கம்போல வேலை முடிந்து அறைக்கு வந்ததும் கூப்பிட்டார். மகள் பிரின்சிக்குப் பரீட்சை எப்போது, அவர் அம்மா மாத்திரை போட்டாங்களா, ஏதாவது பிரச்சினை இருக்கா. எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். "சரி, வச்சிரட்டா?" என்றார்.

வைத்த பிறகுதான் உறைத்தது. இதுவும் என் காலைக் கூட்டமேதான். நான் பயிற்சிக்குப் போய்ப் படித்த கேள்விகளை இவர் படிக்காமலே கேட்கிறார்.

மத்தியானம் பருவம் தப்பி ஒரு தூறல் போட்டது. பின்பக்கத் தகரக் கூரையில் சத்தம் கேட்டபோது அவரை நினைத்தேன். சொல்ல நினைத்தேன். தூறலெல்லாம் ஒரு செய்தியா?

ஜனவரி 29, புதன்

கூட்டத்தில் கேமராவை அணைத்துவிட்டேன். பார்க்க முகம் இல்லையென்றால் ஒருவரையொருவர் பார்ப்பார்கள் அல்லவா? நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கடைசியில் அன்புமொழி, சோதனை பார்க்கிற பெண், ரகுநாத்தைக் கேட்டாள், நிஜமாகவே முடிந்துவிட்டதா என்று. "கிட்டத்தட்ட" என்றார் அவர். அந்தச் சொல்லை நான் குறித்துக்கொண்டேன், ஒன்றும் சொல்லவில்லை.

சாயங்காலம் நிறுவனத் தலைவர் ஆதப்பன் பேசினார். திருமயம் பக்கத்துக்காரர், குரலில் எப்போதும் ஒரு அவசரம். யாரால் தாமதம், பெயரை மட்டும் சொல்லுங்கள் என்றார். குழுவையே கேளுங்கள் என்றேன். எரிச்சலோடு வைத்தார். கேள்வியைக் கேட்டவரிடமே திருப்பிக் கொடுப்பதுதான் என் தொழில். அதில் நான் கெட்டிக்காரி.

பிப்ரவரி 9, ஞாயிறு

இன்றைய அழைப்பு வழக்கம்போல முடியவில்லை.

ஜெரால்டின் கம்பெனியில் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கிறாரா இல்லையா என்று கேட்கிறார்களாம். மாதக் கடைசிக்குள் சொல்ல வேண்டும். திருச்சியில் அவருடைய சிநேகிதர் ஏசி ரிப்பேர் கடை வைத்திருக்கிறார், கூட வந்து சேர்ந்துகொள் என்று கூப்பிடுகிறாராம். "நீ என்ன சொல்ற ஜெனி?" என்றார்.

பிரின்சிக்குப் பால்பல் விழுந்ததற்கு முன்னாலிருந்து காத்திருக்கிற கேள்வி. வாய் என்ன சொன்னது தெரியுமா? "நீங்க என்ன நினைக்கிறீங்க?"

கொஞ்சம் பொறுத்து, "ஒனக்கு எப்படித் தோணுது?" என்று மறுபடி கேட்டார். "உங்க முடிவுதாங்க. எதுவானாலும் நான் கூட இருப்பேன்" என்றேன்.

சரியாகத்தான் சொன்னேன். நான் இழுத்து அவர் வந்தால், கடையில் முதல் கஷ்டம் வந்ததும் நீ கூப்பிட்டதால்தானே வந்தேன் என்று தோன்றும். அவராக வர வேண்டும். நான் கேட்காமல், "வாரேன்" என்று அவர் வாயிலிருந்து வர வேண்டும். அந்த ஒரு சொல்லுக்குத்தான் இப்படித் தவித்துக்கொண்டிருக்கிறேன்.

பிப்ரவரி 14, வெள்ளி

அந்தப் பேச்சை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. போர் மோட்டாரில் காயில் போய்விட்டது, ஆளை வரவழைத்து நானே சரிசெய்துவிட்டேன் என்பதைப் பற்றி விரிவாகப் பேசினோம். "நல்லது" என்றார்.

பிப்ரவரி 20, வியாழன்

பீரோவில் பாதியை ஒழித்துவிட்டேன். எதுக்கும்மா என்றாள் பிரின்சி. சும்மா, சுத்தம் பண்ணுறேன் என்றேன். அவள் நம்பவில்லை. அவருடைய சட்டைகள் எத்தனை இருக்கும், பாதி போதுமா என்று அந்த வெற்றிடத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

பிப்ரவரி 27, வியாழன்

"கையெழுத்துப் போட்டுட்டேன் ஜெனி. ரெண்டு வருசம்."

சரிங்க என்றேன். நல்லதுதானே என்றார். உங்களுக்கு நல்லதுன்னா நல்லதுதான் என்றேன். குரல் மாறாமல் பேசினேன். அதற்கும் பயிற்சி உண்டு எனக்கு.

எப்புடி முடிஞ்சுது? எப்புடி அந்தக் கை கையெழுத்துப் போட்டுச்சு? எங்களோட இருக்கணும்னு ஒரு நாளாச்சும் தோணலையா அந்த மனுசனுக்கு — நான் இங்க ஒத்தையில —

போதும். பிரின்சி எழுந்துவிடுவாள்.

மார்ச் 5, சாம்பல் புதன்

வாடிக்கையாளருக்குச் செய்து காட்டும்போது ரகுநாத்தின் பகுதி அப்படியே நின்றுவிட்டது. பச்சையெல்லாம் பொய். பிறகு குழு மட்டும் கூடியபோது அன்புமொழி கொதித்தாள். நான் வழக்கம்போல, இதைப் பற்றி எல்லோரும் என்ன நினைக்கிறீர்கள் என்று ஆரம்பித்தேன்.

ரகுநாத் அதிர்ந்து பேசுகிறவர் இல்லை. இன்றும் மெதுவாகத்தான் சொன்னார். "மேடம், எங்களை மனசுவிட்டுப் பேசச் சொல்றீங்க. நீங்க என்ன நினைக்கிறீங்கன்னு ஒரு தடவகூடச் சொன்னதில்ல. இப்ப முகத்தையும் காட்டுறதில்ல. உங்களுக்கு எங்க மேல அக்கறை இருக்கா இல்லையான்னே தெரியல. அப்புறம் எனக்கு முடியலன்னு நான் எப்படிச் சொல்றது?"

கேமராவைப் போட்டேன். நெற்றியில் சாம்பல், ஒரு வாரமாகச் சரியாகத் தூங்காத முகம். எனக்குக் கோபமாக இருக்கிறது என்றேன். அதைவிடப் பயமாக இருக்கிறது, இந்தக் குழு உடையக் கூடாது என்று எனக்கு ஆசை, உங்கள் ஆறு பேரையும் எனக்குப் பிடிக்கும் என்றேன். சொல்லி முடிப்பதற்குள் வேர்த்துவிட்டது.

அதன்பிறகு ரகுநாத் எல்லாவற்றையும் சொன்னார். பொங்கலிலிருந்தே மாட்டிக்கொண்டு கிடக்கிறாராம். ஆதப்பன் காதுக்குப் பெயர் போய்விடும் என்று பயம். கொதித்துக்கொண்டிருந்த அன்புமொழிதான், நாளையிலிருந்து கூட உட்காருகிறேன் என்றாள். நான் யாருக்கும் எந்த வேலையும் சொல்லவில்லை.

மார்ச் 6, வியாழன்

அக்கறை இருக்கா இல்லையான்னே தெரியல.

ரகுநாத் சொன்னதுதான். ஆனால் நேற்றிலிருந்து அது ஜெரால்டின் குரலில் கேட்கிறது. அவர் கேட்டாரே. இரண்டு முறை கேட்டாரே, நீ என்ன சொல்ற என்று.

மார்ச் 9, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

"போட்ட கையெழுத்து போட்டதாவே இருக்கட்டும். பதில் எதுவும் வேணாம். நீங்க இங்க எங்களோட இருக்கணும்னு எனக்கு ஆசைங்க. எப்பவுமே அதே ஆசைதான்."

அவர் அறையில் யாரோ டிவி பார்த்துக்கொண்டிருந்த சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அது குறைந்தது, வெளியே வந்துவிட்டார் போல.

"இத அன்னிக்கே சொல்லியிருந்தா போட்டிருக்க மாட்டேனே ஜெனி. நீயாவே எல்லாத்தையும் பாத்துக்கிற. மோட்டாரக்கூடச் சரி பண்ணிட்ட. நான் அங்க வந்து என்ன செய்யன்னு தோணிருச்சு. வரச் சொல்றியான்னுதான் கேட்டுக் கேட்டுப் பாத்தேன்."

இருவரும் அழுதோம். ஒரு வருடம் முடிந்ததும் விட்டு வர வழி இருக்கிறதா என்று கம்பெனியில் விசாரிக்கிறேன் என்றார். கிடைக்குமா தெரியாது.

மார்ச் 28, வெள்ளி

மாமியாருக்குக் கண் காட்டப் புதுக்கோட்டை போனேன். வண்டியில் சிக்னல் கிடைக்காமல் ஒன்பதரைக் கூட்டம் தவறிவிட்டது. பதறிப்போய்ப் பேருந்து நிலையத்தில் இறங்கிப் பார்த்தால், கூட்டம் முடிந்து வேலையும் பிரித்தாகிவிட்டது. ரகுநாத் தன் வேலையைத் தானே சிவப்பாக மாற்றி, எனக்கு முடியவில்லை என்று எழுதியிருக்கிறார். இரண்டு பேர் நான் வருகிறேன் என்று அதன் கீழே பெயர் போட்டிருக்கிறார்கள். ஜெனிபர் எங்கே என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

இதற்குத்தானே இத்தனை மாதமாகப் பாடுபட்டேன்? சந்தோஷம்தான். ஆனால் பேருந்து நிலையத்தில் மாமியார் பக்கத்தில் நின்றுகொண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டேன். மோட்டார் சரியாகிவிட்டது என்றபோது "நல்லது" என்றாரே. அவருக்கும் இப்படித்தான் இருந்திருக்கும்.

ஏப்ரல் 8, செவ்வாய்

ஈஸ்டரிலிருந்து இந்தக் குழு தனியாகவே நடக்கட்டும், ஜூனில் உங்களுக்கு வேறு குழு என்றார் ஆதப்பன். இப்போதெல்லாம் யார் தாமதம் என்று அவரும் கேட்பதில்லை.

சாயங்காலம் மோட்டார் மறுபடி மக்கர். ஆளைக் கூப்பிட எடுத்த போனில் அவரை வீடியோவில் கூப்பிட்டேன். மெயினை அணைக்கச் சொல்லி, பெட்டியைத் திறக்கச் சொல்லி, போனை அங்கிட்டுத் திருப்பு இங்கிட்டுத் திருப்பு என்று ஒரு மணி நேரம். ஆள் வந்திருந்தால் பத்து நிமிட வேலை. பிரின்சி சிரித்துச் சிரித்து டார்ச்சைக் கீழே போட்டாள். கடைசியில் கழன்றிருந்தது ஒரே ஒரு ஒயர். தண்ணீர் வந்ததும் அவர் அங்கே கைதட்டினார்.

ஏப்ரல் 21, திங்கள்

ஈஸ்டர் மறுநாள். பிரின்சி அத்தை வீட்டுக்குப் போயிருக்கிறாள். ஒன்பதரைக்குக் கை தானாக லேப்டாப்பிடம் போனது. திறக்கவில்லை. அவர்கள் பேசிக்கொண்டிருப்பார்கள். காபி போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

போன் அடித்தது. ஜெரால்டு. அங்கே காலை ஏழு மணி, கம்பெனி பஸ்ஸில் போகிற நேரம். இந்த நேரத்தில் அவர் கூப்பிட்டதே கிடையாது. என்னங்க, என்னாச்சு என்று எழுந்தே விட்டேன்.

"ஒண்ணும் ஆகல. இந்நேரத்துக்கு இனிமே ஒன்னய யாரும் கூப்பிட மாட்டாங்கள்ல. அதான்."

பஸ் போகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பீரோவில் அந்தப் பாதி இன்னும் காலியாகத்தான் இருக்கிறது, அதில் எதையும் வைக்கவில்லை என்று சொன்னேன். ம்ம் என்றார். தகரத்தில் சடசடவென்று விழ ஆரம்பித்தது. இங்கே மழைங்க என்றேன்.

"எப்படிப் பெய்யுது, சொல்லு" என்றார். சொன்னேன்.