பன்யா மலையில் வைத்த நேர்த்தி

சிட்னி,
18.9.1977

அன்புள்ள மகன் சிறிதரனுக்கு,

அப்பா எழுதுவது. நீ சுகமாக இருக்கிறாய் என்று நம்பியே எழுதுகிறேன். அனுராதபுரத்தில் தமிழர் வீடுகளை எரித்த செய்தி வந்த நாள் முதல் நீ படிப்பிக்கும் பாடசாலை விலாசத்துக்குக் கடிதம் போடுகிறேன், பதில் இல்லை. அதனால் இதைச் சாவகச்சேரிக்கு, உன் சின்னம்மா வீட்டுக்கு அனுப்புகிறேன். அனுராதபுரத்துக்கு மாற்றம் கேட்காதே என்று அன்றே சொன்னேன். நீ கேட்டாயா?

நான் றேடியோவை விட்டு எழும்புவதில்லை என்று உன் அக்கா ராதாவும் அத்தானும் என்னைக் குயின்ஸ்லாந்துக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே ஒரு மலை முழுவதும் பன்யா என்ற பழைய பைன் மரங்கள். வெட்டக்கூடாதென்று அரசாங்கம் காவல் போட்டிருக்கிறது. ஒரு பெரிய மரத்தின் வேரில் என் வேட்டியில் கிழித்த கீலத்தைக் கட்டி, உனக்காக நேர்த்தி வைத்துக் கற்பூரம் கொளுத்தினேன்.

புகையைக் கண்டு காவலாளி ஓடிவந்தார். கற்பூரத்தைச் சப்பாத்துக் காலால் மிதித்தார். துணியையும் அவிழ்க்கச் சொன்னார். யாருக்காகக் கட்டினேனோ அவன் வந்துதான் அவிழ்க்க வேண்டும் என்று, பத்திரிகை பார்த்து நானாகப் படித்த ஆங்கிலத்தில் வாதாடினேன். “மாமா, பொலிசைக் கூப்பிடப் போறார், காரில ஏறுங்கோ” என்று அத்தான் கெஞ்சினார். நான் வேரிலேயே இருந்துவிட்டேன்.

காவலாளியும் பக்கத்தில் இருந்தார். அவர் அந்த மண்ணின் ஆதிக்குடி. முன்பெல்லாம் பன்யாக் காய் விளையும் காலத்தில் பல கூட்டத்தார் நெடுந்தூரம் நடந்து அங்கே வருவார்களாம். பகையாளிகளும் சண்டையை நிறுத்திவிட்டு ஒன்றாக உண்பார்களாம். அந்த மரம் அவருடைய தகப்பனின் பொறுப்பில் இருந்ததாம். தகப்பனை ஒருநாள் அரசாங்க ஆட்கள் லொறியில் ஏற்றி வேறிடம் கொண்டுபோய்விட்டார்களாம். பிறகு, யாரைக் கேட்டுக் கட்டினீர்கள் என்றார்.

கேளாமல் பிறர் வளவுக்குள் புகுந்தவர்களைத்தானே ஒரு மாதமாகத் திட்டிக்கொண்டிருக்கிறேன். துணியை அவிழ்த்தேன். நேர்த்தியை விடவில்லை. கையை நீட்டினேன்; அவரே என் மணிக்கட்டில் கட்டிவிட்டார்.

அது இன்னும் கையில் இருக்கிறது. குளிக்கும்போதும் கழற்றுவதில்லை. நாறுகிறது என்று ராதா ஏசுகிறாள். ஏசட்டும்.

நீ வந்துதான் இதை அவிழ்க்க வேண்டும். வர முடியாவிட்டால் ஒரு வரி போடு. கை ஏலாதென்றால் சின்னம்மாவைக் கொண்டு எழுதுவி. மாற்றம் கேட்டதைப் பற்றி இனி ஒரு சொல்லும் சொல்லமாட்டேன்.

எங்கே இருந்தாலும் நீ நன்றாக இரு, ராசா.

உன் எழுத்துக்குக் காத்திருக்கும்,
அப்பா
க. வல்லிபுரம்