கட்டத்தில் வராத ஆள்

ஜனவரி 9
காடு எப்படி மாறும் என்று கணிக்கும் கணினி மாடல் ஒருவழியாக ஓடிவிட்டது. காட்டைக் கட்டம் கட்டமாகப் பிரித்திருக்கிறேன். பச்சை காடு, மஞ்சள் வயல். பச்சைக் கட்டத்தைச் சுற்றி எத்தனை மஞ்சள், சாலை எவ்வளவு பக்கம் என்பதைப் பொறுத்து அதுவும் மஞ்சளாகும் — விதி அவ்வளவுதான். அரசு போடப்போகும் புதுச் சாலையைச் சேர்த்து ஓட்டினால், இருபதே ஆண்டில் கிழக்குச் சரிவு முழுக்க மஞ்சள். சாலை இல்லையென்றால் ஓரம் மட்டும் கொஞ்சம் தேய்கிறது. இதைப் பார்த்தால் சாலையை நிறுத்திவிடுவார்கள். நிறுத்தாமல் இருப்பார்களா என்ன?

ஜனவரி 12
அண்ணன் சாப்பிட வந்தான். பதினெட்டு வருஷமாக அந்தச் சரிவில்தான் தினக்கூலி வனக்காவலர். தட்டும் கையுமாகத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இதுல நான் எங்க இருக்கேன்?"

"ஆளெல்லாம் இதுல வராதுண்ணா."

"அப்ப இத்தன வருஷம் சும்மாதான் காத்து வாங்கிட்டு இருந்தேனா?"

இருவரும் சிரித்தோம். எழுதும்போது சிரிப்பு வரவில்லை. காவலுக்கும் ஒரு விதி சேர்த்திருக்கலாம். நாள் இல்லை என்று விட்டுவிட்டேன்.

பிப்ரவரி 3
வனத்துறைக் கூட்டத்தில் மாடல் வரைந்த படத்தைக் காட்டினேன். துறை இயக்குநர் தலையாட்டினார். "ரொம்பத் தெளிவா இருக்கும்மா. எப்படியும் போகப்போற காடு. அதுக்கு எதுக்கு இத்தன காவல்?"

"சார், சாலை போட்டாத்தான் —"

"சாலை முடிவான விஷயம்."

அங்கேயே கத்தியிருக்க வேண்டாமா? உட்கார்ந்துட்டேன். பேசாம உட்கார்ந்துட்டேன்.

பிப்ரவரி 4
எழுதப் பிடிக்கவில்லை.

மார்ச் 20
கிழக்குச் சரிவு இனி காப்புக்காடு இல்லை. அரசாணையின் கடைசிப் பக்கத்தில் என் படம். காவலர்கள் ஒன்பது பேருக்கும் வேலை போயிற்று. அண்ணன் போனில் கேட்டான்: "நீ போட்ட படமாமே?"

"ஆமாண்ணா, ஆனா..."

வைத்துவிட்டான்.

மே 2
அண்ணனின் ரோந்துக் குறிப்பேடுகளை அண்ணி அவனுக்குத் தெரியாமல் கொடுத்தனுப்பினாள். எந்தத் தேதியில் எங்கே வெட்ட வந்தவர்களைத் திருப்பி அனுப்பினான் என்று எல்லாம் இருக்கிறது. அதை வைத்துக் காவல் விதியைச் சேர்த்தேன். சாலை வந்தும் பாதிக்கு மேல் பச்சையாகவே நின்றது. பத்துத் தடவை ஓட்டினேன். பத்துத் தடவையும் நின்றது. இயக்குநருக்கு அனுப்பினேன்.

மே 9
பதில்: "நல்ல முயற்சி. ஆணை வந்துவிட்டதால் கோப்பில் வைக்கவும்."

செப்டம்பர் 15
புதிய செயற்கைக்கோள் படம் வந்தது. பதினோராம் ஆண்டில் போகும் என்று நான் சொன்ன கட்டங்கள் இப்போதே போய்விட்டன. சாலைக்கு இன்னும் ஜல்லிகூடக் கொட்டவில்லை. என் படம் எப்படியோ வெளியே போய், அதைப் பார்த்தே ஆட்கள் காட்டை வெட்டி நிலத்தை வளைத்திருக்கிறார்கள். இயக்குநர் எல்லோர் முன்னாலும் கை குலுக்கினார்: "உங்க கணிப்பு அப்படியே பலிச்சிருச்சே!"

கையைக் கழுவிக்கொண்டு வந்தேன். ஏன் கழுவினேன்?

அக்டோபர் 1
அண்ணி பேசினாள். அண்ணனுக்கு வேலை கிடைத்துவிட்டதாம். சரிவுக்குக் கீழே புதிதாக வந்திருக்கும் மர அறுவை ஆலையில், வாசல் காவல்.

"எப்படி இருக்கான்?"

"லாரி வந்தா எழுந்து கேட்டைத் தொறக்கிறார். மரத்த மட்டும் பாக்கமாட்டேங்கிறார்."