இரண்டு சர்க்கார் மாத்திரை

பொழியூர்,
திங்கட்கிழமை.

அன்பு மகள் டெல்னாவுக்கு அம்மா எழுதுவது. மாதாவின் காவலில் இங்கே எல்லோரும் சுகம், நீயும் அப்படியே இருப்பாய் என்றுதான் தொடங்க வேண்டும். உன் அப்பாவையும் சேர்த்து அப்படி எழுதினால் பொய்யாகிவிடும், அதனால் அவரைத் தவிர மற்றவர்கள் சுகம் என்று வைத்துக்கொள். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று பதறாதே. நீ கூப்பிட்டதும் அவர் ஸ்பீக்கரில் போட்டு நடுவீட்டில் வைத்துவிடுகிறார், எனக்குத் தனியாக ஒரு வார்த்தை பேச வழியில்லை. நீ இருக்கிற ஊரில் வேலை பார்க்கிற கோட்டுகால் ரெஜி லீவு முடிந்து இந்த வாரம் திரும்புகிறாள், அவள் கையில் கொடுத்துவிடுகிறேன். கூட மாங்காய் ஊறுகாயும் நெத்திலிக் கருவாடும் உண்டு, ஏர்போர்ட்டில் ரெஜியின் பெட்டியைத் திறக்காமல் இருந்தால் கருவாடும் வந்து சேரும். உன் அண்ணன் லிண்டோவுக்கு விழிஞ்ஞத்தில் வேலை நல்லபடி போகிறது. அவன் பெண்சாதி பிந்து கோழி வளர்க்கிறேன் என்று பத்துக் குஞ்சு வாங்கினாள், வளர்ந்த பிறகு பார்த்தால் முக்கால்வாசியும் சேவல்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். கிறிஸ்துமஸ் அன்று நீ அப்பாவிடம் பேசினாய் அல்லவா, நீ வேலைக்கு நின்று பார்த்துக்கொள்கிற அம்மச்சிக்கு நூற்றொரு வயது, இத்தாலியில் அந்தச் சார்டினியாத் தீவில் மலையோர ஊர்களில் இப்படி நூறு தாண்டியவர்கள் நிறைய உண்டு, உலகத்தில் இதுபோல வேறு சில இடங்களும் உண்டு என்று. ஜப்பானில் ஒகினாவா, கிரீஸில் இகாரியா, கோஸ்டாரிக்காவில் நிக்கோயா, அமெரிக்காவில் லோமா லிண்டா என்று நீ சொன்னதை அவர் ஒரே தடவையில் மனப்பாடம் செய்துவிட்டார். கட்டின நாள் முதல் ரேஷன் கடையில் மூன்று சாமான் சொல்லிவிட்டால் ஒன்றை மறந்து வருகிற மனிதர். இப்போது கட்டிலில் படுத்துக்கொண்டு புனிதர்கள் பிரார்த்தனை சொல்வதுபோல இந்த ஊர்ப் பெயர்களைச் சொல்கிறார். எல்லாம் கடல் பக்கத்து ஊராக்கும், நம்மளும் கடப்புறத்து ஆளுதானே, பின்னெ நமக்கு மட்டும் என்ன குறை என்று கேட்டார். லோமா லிண்டாவில் கடல் கிடையாது என்று லிண்டோ போனில் பார்த்துச் சொன்னான், அன்றிலிருந்து அந்த ஊரைச் சொல்வதை விட்டுவிட்டார். நம் கடப்புறத்தில் எண்பது தாண்டிய ஆண்பிள்ளைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்று நான் சொல்ல வாய் திறந்தேன், அப்புறம் எதற்கு என்று விட்டுவிட்டேன்.

ஜனவரியில் அவர் பாறசாலைச் சந்தையில் தலைசுற்றி விழுந்தது உனக்குத் தெரியும், வெயில் என்று சொல்லி வைத்தோம். வெயில் இல்லை. பிரஷருக்கு இங்கே சர்க்கார் ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரையைத் தின்றுகொண்டிருந்தவர், எல்லைக்கு அந்தப் பக்கம் கொல்லங்கோட்டில் உன் அத்தை வீட்டுக்குப் போனபோது அங்குள்ள சர்க்கார் ஆஸ்பத்திரியிலும் போய் நின்று, ஒரு மாத்திரையும் தின்பதில்லை என்று சொல்லி இன்னொரு சீட்டு வாங்கியிருக்கிறார். பெட்ரோலுக்கும் காய்கறிக்கும் அந்தப் பக்கம் போய்ப் பழகிய ஆட்கள் நாம், மாத்திரைக்கும் அப்படியே போய்விட்டார். காலையில் கேரளத்து மாத்திரை, சாயங்காலம் தமிழ்நாட்டு மாத்திரை. சட்டையைத் துவைக்க எடுத்தபோது பையில் இரண்டு அட்டையும் கிடந்தன. மருந்துக்கடைக் கனகதாஸிடம் கொண்டுபோய்க் காட்டினேன், ரெண்டும் ஒரே மருந்தாக்கும் அக்கா, கம்பெனிதான் வேறெ, பிரஷர் தாழ்ந்து போச்சு, உயிரோட இருக்கியது பெரிய காரியம் என்றான். வீட்டுக்கு வந்து கேட்டால், ரெண்டு சர்க்காரும் சும்மா தருது, ஒண்ணெ மட்டும் திங்கதுக்கு எனக்கென்ன கிறுக்கா என்கிறார்.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. மாத்திரைதான் தன்னைக் கீழே தள்ளியது என்று முடிவுசெய்து இரண்டையும் விட்டுவிட்டார். அதற்குப் பதிலாக உன் சார்டினியா வந்தது. அங்கே பயறு தின்கிறார்கள் என்றாய், இங்கே மூன்று நேரமும் வன்பயறு, அதன் விளைவை நான் எழுத விரும்பவில்லை. சாப்பாட்டோடு ஒரு கிளாஸ் திராட்சை வைன் குடிக்கிறார்கள் என்றாய், ஈஸ்டருக்கு என்று பீங்கான் பரணியில் ஊறப்போட்ட வைனை நோன்பு காலத்திலேயே பாதியாக்கிவிட்டார். மேடு ஏறி இறங்குகிறார்கள் என்றாய். நம் கடற்கரையில் மேட்டுக்கு எங்கே போவது, அதனால் நோன்பு வெள்ளிக்கிழமைகளில் இரண்டு பஸ் மாறிப் பனச்சமூடு வழியாக வெள்ளறடைக் குரிசுமலைக்குப் போய், சிலுவை சுமந்து போகிற கூட்டத்தோடு ஏறினார். நடப்பதற்காகப் பஸ் ஏறிப் போகிற ஆளை நீ பார்த்திருக்க மாட்டாய். நார்பர்ட் சேட்டனுக்கு இந்த வயசுல எவ்வளவு பக்தி என்று ஊரில் பேச்சு, பங்குச்சாமி பூசையில் பெயர் சொல்லிப் புகழ்ந்தார். இவர் எழுந்து உண்மையைச் சொல்லவில்லை, நானும் தலையைக் குனிந்துகொண்டேன்.

ஈஸ்டர் முடிந்து மலையில் ஆள் குறைந்த பிறகும் போவதை விடவில்லை. போன வெள்ளிக்கிழமை பாதி மலையில் கண் இருண்டு உட்கார்ந்துவிட்டார். ரப்பர் வெட்டப் போன ஒருவர் பார்த்துக் கீழே இறக்க, பனச்சமூட்டில் ஆட்டோ ஓட்டுகிற அபிலாஷ் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு எனக்குக் கூப்பிட்டான். நான் போய்ச் சேரும்போது வலது கை மரத்துப் போய், பேச்சு குழறிக்கொண்டிருந்தது. இரண்டு மணி நேரத்தில் சரியாகிவிட்டது. இது பக்கவாதத்துக்கு முன்னறிவிப்பாக்கும் அம்மா, அடுத்தது வந்தா இப்படித் திரும்பிப் போகாது, தினம் ஒரே ஒரு மாத்திரை, அதெ முடக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னார். உன் அப்பா தலையாட்டினார், வீட்டுக்கு வந்து மாத்திரையை வாழைமூட்டில் துப்பினார். டெல்னாக்கிட்டே மூச்சு விடப்பிடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கப் பார்த்தார், நான் கொடுக்கவில்லை.

எனக்கு வந்த கோபத்தில், நூறு வயசு வரைக்கும் இருந்து இனி எந்தக் கடலில் வலை போடப் போறீங்க என்று கேட்டுவிட்டேன். அதற்கு அவர் சொன்னார், எனக்கு எதுக்கு நூறு, அந்த அம்மச்சி இருக்கிற வரைக்கும் விட்டுட்டு வரமாட்டேன்னு பிள்ளெ அவங்க மகனுக்கு வாக்குக் கொடுத்திருக்கு, அந்த ஊர்ல ஆளுவ லேசுல சாகவும் மாட்டாங்க, அவங்களெக் காட்டிலும் ஒரு நாளாவது நான் கூடுதலா இருக்கணும்லா லில்லி என்று. மூன்று மாதமாக இவர் ஓடுகிற ஓட்டம் அந்த அம்மச்சியோடு என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நான் அடுக்களைக்குப் போய்க் கொஞ்சம் அழுதுவிட்டு வந்து பயறு வேகவைத்தேன்.

நேற்று ரெஜி வந்தபோது நைசாக விசாரித்தேன். அந்த அம்மச்சிக்குக் காலையில் நாலு மாத்திரை, ராத்திரி மூணு, டெல்னாதான் வாயில போட்டுத் தண்ணி கொடுப்பா என்றாள். இதை நீ கிறிஸ்துமஸ் அன்று பயறோடும் வைனோடும் சேர்த்துச் சொல்லியிருந்தால் எனக்கு இவ்வளவு வேலை வந்திருக்காது. அப்பாவிடம் சொன்னேன், ரெஜிக்கு என்ன தெரியும், பிள்ளெ சொல்லட்டு என்கிறார். அதனால் நாளைக்கு நாளைக்கு என்று தள்ளாதே, அம்மச்சி மாத்திரை தின்கிறதை வீடியோவில் அவருக்குக் காட்டு. அவர்களும் சரி என்றால் அப்பாவைப் பார்த்துக் கை காட்டச் சொல்.

அந்த அம்மச்சி எனக்கு ஒரு தப்பும் செய்ததில்லை. ஆனாலும் சாயங்காலம் ஜெபமாலை சொல்லும்போது அவர்கள் பெயர் வருகிற இடத்தில் எனக்கு நாக்கு தடுக்கிறது. நல்ல ஆயுசு கொடு என்று கேட்டால் நீ வரமாட்டாய், வேறு விதமாகக் கேட்க எனக்கு மனசு வரவில்லை. அவங்க காரியம் உமக்க இஷ்டம் தாயே என்று சொல்லி அடுத்த மணிக்குப் போய்விடுகிறேன். எனக்கு உன்னைப் பார்க்க வேண்டும் மக்களே. யாருடைய சாவுக்கும் காத்திருக்காமல், அவர்களும் நன்றாக இருக்கும்போதே, அவர்கள் மகனிடம் கேட்டு ஒரு பதினைந்து நாள் வந்துவிட்டுப் போ. வருகிற தேதியை மட்டும் சொல், அந்தத் தேதி வரைக்கும் தினம் ஒரு மாத்திரையை அவர் வாயில் போட்டு முழுங்குகிறாரா என்று பார்ப்பது என் பாடு. அப்புறம் திரும்பிப் போகும்போது அடுத்த தேதியைச் சொல்லிவிட்டுப் போ, அப்படியே இழுத்துக்கொண்டு போகலாம்.

குளிருக்குத் தலையை மூடிக்கொள், ஞாயிற்றுக்கிழமை பூசையை முடக்காதே. அம்மச்சிக்கு என் வணக்கம் சொல். மாதா உன்னைக் காப்பாற்றட்டும், எங்கள் இரண்டு பேர் ஆசீர்வாதமும் எப்போதும் உன் தலைமேல் உண்டு. ஒரு காரியம் மறக்காதே, தேதியை அப்பாவிடம் சொல்லும்போது அவரை முதலில் உட்காரச் சொல்லிவிட்டு மெதுவாகச் சொல். இவ்வளவு சந்தோஷம் தாங்குமா என்று நான் டாக்டரிடம் கேட்கவில்லை.

அன்புடன் உன் அம்மா,
லில்லிக்குட்டி